டெக்ஸாஸில் மகளுக்கு முதல் ஓட்டு: 17 திருத்தங்களுக்கும் பதில் போட்டே ஆக வேண்டுமா?

தேவிகுளம் வாத்தியார் (2025 அக்டோபர்)

என் மூத்த மகள் ஹூஸ்டனில் நர்ஸ். இந்த வருடம்தான் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. நவம்பர் 4-ஆம் தேதி அவளுக்கு அங்கே முதல் ஓட்டு. மாதிரி ஓட்டுச்சீட்டை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறாள். உள்ளூர்ப் பதவிகள் மட்டும் என்றுதான் நினைத்தேன். பார்த்தால், டெக்ஸாஸ் மாநில அரசியல் சாசனத்துக்கு 17 திருத்தங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆதரவா எதிர்ப்பா என்று கட்டம். "அப்பா, பாதி எனக்குப் புரியல. புரியாததை விட்டுட்டா மொத்த ஓட்டும் செல்லாமப் போயிடுமா?" என்று கேட்கிறாள்.

நான் எஸ்டேட் பக்கம் தமிழ்ப் பள்ளியில் வேலை பார்த்தவன். பஞ்சாயத்துத் தேர்தல் டியூட்டி பழக்கம் உண்டு. இங்கே கேரளாவில் ஒருவருக்கு மூன்று ஓட்டு: கிராமப் பஞ்சாயத்து, பிளாக், ஜில்லா. மூன்று மிஷின் வரிசையாக இருக்கும். சீட்டின் நிறம் வெள்ளை, இளஞ்சிவப்பு, நீலம். நோட்டா கிடையாது. ஏதாவது ஒன்றில் போட விருப்பமில்லை என்றால் கடைசி மிஷினில் 'எண்ட்' பட்டனை அமுக்க வேண்டும், அப்போதுதான் பீப் சத்தம் வந்து ஓட்டு முடியும். ஒரு தடவை, கொழுந்து எடுத்துக் கறை ஏறிய விரலோடு வந்த அக்கா ஒருவர் வெள்ளையில் மட்டும் அமுக்கிவிட்டு வெளியே வந்துவிட்டார். "இன்னும் ரெண்டு இருக்கு" என்றோம். "எனக்கு எங்க மெம்பரைத்தான் தெரியும் சார், மத்தவங்க யாருன்னே தெரியாது" என்றார். தெரியாதவருக்குப் போடாமல் இருப்பது அவர் உரிமை. 'எண்ட்' அமுக்கச் சொன்னோம், போட்ட ஓட்டு பத்திரமாகப் பதிவாயிற்று.

டெக்ஸாஸில் அப்படி ஒரு வழி உண்டா? அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வண்டிப்பெரியாறுக்காரி

வணக்கம் சார். நானும் ஹூஸ்டன்தான். மகளைப் பயப்படாமல் போகச் சொல்லுங்கள். விட்டது விட்டதாகப் போகும், போட்டது எண்ணப்படும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனிக் கணக்கு. அந்தக் கேள்விக்கு விழுந்த ஓட்டில் பாதிக்கு மேல் ஆதரவு இருந்தால் திருத்தம் நிறைவேறும். விட்டவர்கள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை. மின்னசோட்டாவில், ஓட்டுப் போட வந்தவர் திருத்தத்தை வெறுமனே விட்டால் எதிர்த்ததற்குச் சமம். புளோரிடாவில் 60 சதவீதம் வேண்டும். 2024-ல் கருக்கலைப்பு உரிமைத் திருத்தம் அங்கே 57 சதவீதம் வாங்கியும் தோற்றது.

ஆனாலும் விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை சார். மேலோட்டமாகப் பார்த்தால் சட்டப் பாஷை மிரட்டும். உள்ளே இருப்பது வீட்டு விஷயம். 13-ஆவது திருத்தம், குடியிருக்கும் சொந்த வீட்டின் மதிப்பில் பள்ளி வரிக்கு உண்டான விலக்கை 1,00,000 டாலரிலிருந்து 1,40,000 டாலராக ஏற்றுவது. 4-ஆவது, விற்பனை வரியிலிருந்து வருடத்துக்கு 100 கோடி டாலர் வரை தண்ணீர்த் திட்டங்களுக்கு ஒதுக்குவது. 14-ஆவது, மறதி நோய் ஆராய்ச்சிக்கு 300 கோடி டாலர். ராத்திரி ஷிப்டில் அந்த நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு நர்ஸை விட அதைப் பற்றி முடிவெடுக்கத் தகுதியானவர் யார்?

இதெல்லாம் ஏன் சாசனத்தில் வருகிறது என்று கேட்பீர்கள். இங்கே இருப்பது 1876-ல் எழுதின சாசனம். அரசாங்கத்தின் கையைக் கட்டிப்போடவே எழுதினது போல, வரிவிலக்கு, கடன் எல்லாவற்றுக்கும் அதிலேயே கட்டுப்பாடு. அதனால் சட்டசபையின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு முன்மொழிய வேண்டும், அப்புறம் ஜனங்கள் ஓட்டுப் போட வேண்டும். இதுவரை 500-க்கு மேல் திருத்தம் ஆகிவிட்டது. எல்லாம் தானாக நிறைவேறிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2023-ல் 14 திருத்தங்கள் வந்தன. நீதிபதிகளின் ஓய்வு வயதை 75-லிருந்து 79 ஆக்கும் திருத்தத்தை மட்டும் தோற்கடித்தார்கள். இது மாதிரி வருடங்களில் ஜனாதிபதித் தேர்தல் கூட்டம் வராது. வருகிற கொஞ்சம் பேர்தான் எல்லோருடைய வரியையும் முடிவு செய்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன்.

ஓட்டுச்சாவடியிலிருந்து 100 அடிக்குள் போனை எடுக்கக் கூடாது, ஆனால் எழுதின காகிதம் கொண்டுபோகலாம். அவள் வீட்டில் உட்கார்ந்து படித்து, எண்ணைப் போட்டு எதிரே ஆதரவு, எதிர்ப்பு என்று குறித்துக்கொண்டு போகட்டும். இந்த மாதம் 20 முதல் 31 வரை முன்கூட்டியே போடலாம். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் ஜில்லா மாதிரி) எந்த மையத்திலும் போடலாம், நம்மூர் மாதிரி இந்த பூத்துதான் என்று கிடையாது. திரையில் தேர்ந்தெடுத்ததும் காகிதத்தில் அச்சாகி வரும். அதை ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு ஸ்கேனரில் போட வேண்டும். போட்டோ அடையாள அட்டை அவசியம்.

கொழிஞ்சாம்பாறை பாலன்

படிக்கப் பொறாமையாக இருக்கிறது. நம் மாநிலங்களுக்குத் தனிச் சாசனம் கிடையாது. காஷ்மீருக்கு மட்டும் இருந்தது, 2019-ல் அதுவும் போயிற்று. இந்திய அரசியல் சாசனத்துக்கு இதுவரை 106 திருத்தங்கள். ஒன்றுக்குக்கூட நம்மிடம் நேராக ஓட்டுக் கேட்டதில்லை. 368-ஆவது பிரிவின்படி நாடாளுமன்றம் போதும். ஜிஎஸ்டி மாதிரி மாநில அதிகாரத்தைத் தொடுகிற விஷயம் என்றால் பாதி மாநிலங்களின் சட்டசபைகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவிலும் டெலவேர் மாநிலத்தில் ஜனங்களைக் கேட்காமலே சாசனத்தைத் திருத்தலாம்.

ஆனால் நமக்கு வேறு ஒன்று கையில் இருக்கிறது. கேரளப் பஞ்சாயத்துச் சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கிராம சபை கூட்ட வேண்டும், வார்டு வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் வர வேண்டும். வீட்டு உதவி யாருக்கு, கால்நடை உதவி யாருக்கு என்று பயனாளிப் பட்டியல் அங்கேதான் வருகிறது. எங்கள் பக்கம் ஆளே சேராமல் கையெழுத்துக்காக நோட்டை வீடு வீடாகக் கொண்டுவந்தார்கள். நான் போடவில்லை, போடக் கூடாது என்று இரண்டு தெருவில் சொல்லியும் வந்தேன்.

சார், உங்கள் பெயர் பஞ்சாயத்து வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். சட்டசபைத் தேர்தல் பட்டியல் வேறு, இது மாநிலத் தேர்தல் ஆணையம் தனியாக வைத்திருப்பது. அதில் இருந்தால் இதிலும் இருக்கும் என்று நம்பி பூத்திலிருந்து திரும்பினவர்கள் நிறையப் பேர்.

தேவிகுளம் வாத்தியார் (2025 டிசம்பர்)

எல்லோருக்கும் நன்றி. மகள் முதல் வாரமே போட்டுவிட்டாள். நாங்கள் வீடியோ காலில் ஒவ்வொன்றாகப் படித்தோம். அவள் ஆங்கிலத்தில் வாசிக்க, நான் தமிழில் சொல்லிப் பார்த்தேன். தமிழில் சொல்லத் திணறின இடத்தில்தான் இரண்டு பேருக்கும் புரியவில்லை என்று தெரிந்தது, அங்கே நிறுத்தித் திரும்பப் படித்தோம். கடைசி வரை பிடிபடாததை விட்டுவிட்டாள். மறதி நோய்த் திருத்தத்துக்கு ஆதரவு போட்டாள். 17-ம் நிறைவேறிவிட்டன.

ஹாரிஸ் கவுண்டியில் ஸ்பானிஷ், சீனம், வியட்நாமிய மொழியிலும் ஓட்டுச்சீட்டு உண்டாம். இங்கேயும் 9-ஆம் தேதி பஞ்சாயத்துத் தேர்தலில் எங்கள் பூத்தில் வேட்பாளர் பெயர் மலையாளத்தோடு தமிழிலும் இருந்தது. லயத்துக் கிழவிகள் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த உரிமையை யாரும் லேசாக எண்ண வேண்டாம். 2015-ல் போனஸுக்காக மூணாறு ரோட்டில் உட்கார்ந்த 'பெம்பிளை ஒருமை' என்ற தேயிலைத் தோட்டப் பெண்கள் அமைப்பினர், இரண்டே மாதத்தில் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்று தேவிகுளம் பிளாக்கில் ஒரு இடம் உட்படச் சில இடங்களில் ஜெயித்தார்கள். சட்டசபைக்குப் போக அவர்களுக்கு வழி எங்கே இருந்தது? இது கைக்கு எட்டுகிற ஓட்டு.

இன்னொரு கேள்வி. மகள் சுகர்லேண்டுக்கு வீடு மாறப்போகிறாள். அது வேறு கவுண்டியாம். பெயர் தானாக மாறுமா?

வண்டிப்பெரியாறுக்காரி

மாறாது சார். அது போர்ட் பெண்ட் கவுண்டி, அங்கே புதிதாகப் பதிய வேண்டும். விண்ணப்பத்தை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பலாம். டிரைவிங் லைசென்ஸில் முகவரி மாற்றும்போதும் சேர்த்தே பதியலாம். தேர்தலுக்கு 30 நாள் முன்னால் முடித்திருக்க வேண்டும். உள்ளூர்த் தேர்தல் பல மே மாத முதல் சனிக்கிழமை வரும், மார்ச்சுக்குள் செய்துவிடச் சொல்லுங்கள்.