கொலராடோ கோஸ்டியா கவுன்ட்டில 5 ஏக்கர் வாங்கி தன்னிறைவா வாழ முடியுமா?

டென்வர்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். டென்வர்ல இருக்கோம், நான், மனைவி, ரெண்டு பசங்க. 2020ல கடைக்கு கடை அலைஞ்சும் அரிசி கெடைக்காம திரும்பினதுல இருந்தே மனசுல ஒரே எண்ணம், ஆறு மாசம் கரண்ட் இல்லாம கடை இல்லாம போனாலும் குடும்பம் தாக்குப்பிடிக்கற மாதிரி ஒரு இடம் வேணும், கிணறு, சோலார், கோழி, ஆடு, தோட்டம்னு. சான் லூயிஸ் பள்ளத்தாக்குல கோஸ்டியா கவுன்ட்டில (கவுன்ட்டின்னா நம்மூர் மாவட்டம் மாதிரி) 5 ஏக்கர் பிளாட் சில ஆயிரம் டாலருக்கே விளம்பரம் வருது. 2020 சென்சஸ்படி கவுன்ட்டி மொத்தத்துக்கே 3,500 பேர்தான், பக்கத்துல பெரிய சிட்டி கெடையாது, வெயில் நல்லா அடிக்குது, பிளாங்கா மலை முன்னாடியே நிக்குது. ஒரு கவுன்ட்டி இதுக்கு லாயக்கா இல்லையான்னு எதை வெச்சு முடிவு பண்றது? அங்க பழக்கம் உள்ளவங்க சொல்லுங்க.

கிணத்தடி:
தண்ணில இருந்து ஆரம்பிங்க, வெலையை கடைசியா பாருங்க. அந்த 5 ஏக்கர் ஏன் அவ்ளோ சல்லிசா போகுதுன்னா அதுல மண்ணு மட்டும்தான் உங்களுக்கு வருது, தண்ணி வராது. கொலராடோல தண்ணி உரிமை தனி சொத்து, யார் முதல்ல எடுத்து பயன்படுத்த ஆரம்பிச்சாங்களோ அவங்களுக்கு முன்னுரிமை, உங்க நிலத்துக்கு அடியில ஓடுதுங்கறதால அது உங்களுது ஆகிடாது. 35 ஏக்கருக்கு குறைஞ்ச நிலத்துக்கு பொதுவா கெடைக்கற கிணறு பெர்மிட் வீட்டுக்குள்ள பயன்படுத்த மட்டும்தான். வெளிய ஒரு தக்காளி செடிக்கு ஊத்தக்கூடாது, ஆட்டுக்கு காட்டக்கூடாது. அப்ப நீங்க போட்ட லிஸ்ட்ல தோட்டம், கோழி, ஆடு மூணும் அங்கயே அடிபட்டுப் போச்சு. 35 ஏக்கர் இல்ல அதுக்கு மேல இருந்தா கெடைக்கற பெர்மிட்ல ஒரு ஏக்கர் வரைக்கும் தோட்டத்துக்கு பாய்ச்சலாம், ஆடு மாடுக்கும் காட்டலாம். அதனால 5 ஏக்கர் ஏழு வாங்கறதை விட 35 ஏக்கர் ஒண்ணா வாங்கறதுதான் கணக்கு.

மழைத்தண்ணி பிடிச்சுக்கலாம்னு நினைப்பீங்க. 2016ல வந்த சட்டப்படி வீட்டுக்கு ரெண்டு பேரல், ரெண்டும் சேர்த்து 110 கேலன், அவ்ளோதான். கிணறு பெர்மிட்டுக்கு தகுதி இருந்தா கூரைத் தண்ணிக்கு தனி பெர்மிட் வாங்கலாம், ஆனா கிணத்துத் தண்ணியை எதுக்கு பயன்படுத்தலாமோ அதுக்கு மட்டும்தான் இதையும் பயன்படுத்தணும். சரி, முழுசா பிடிச்சாலே எவ்ளோ வரும்? பள்ளத்தாக்கு தரையில வருஷத்துக்கு 7லேருந்து 10 இன்ச்தான், அதுலயும் ஒரு பங்கு பனி. 1,000 சதுர அடி கூரையில 1 இன்ச் பெஞ்சா 620 கேலன், 8 இன்ச்னு வெச்சா வருஷத்துக்கு 5,000 கேலனுக்கு கொஞ்சம் கம்மி, நாலு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 13 கேலன். குடிக்க, சமைக்க, குளிக்க, எல்லாம் அதுக்குள்ள.

லாரியில கொண்டுவந்து தொட்டியில ரொப்பிக்கறவங்க அங்க நெறைய பேர். 275 கேலன் டேங்க் ரொம்பினா 2,300 பவுண்டு வரும், சாதாரண பிக்கப் வண்டிக்கு அது அதிகம். அப்புறம் டீசல் கெடைக்காத காலத்துக்குத்தானே நாம தயார் பண்றோம், தண்ணியே டீசலை நம்பி இருந்தா எப்படி.

அலமோசா அக்கா:
நான் பக்கத்து கவுன்ட்டி அலமோசால இருக்கேன் தம்பி, மேல சொன்னது எல்லாம் நெஜம். என் பங்குக்கு கொஞ்சம். கவுன்ட்டி தரையே 7,500 அடிக்கு மேல, சான் லூயிஸ் ஊரு கிட்டத்தட்ட 8,000 அடி. உறைபனி விழாத நாள் சுமார் மூணு மாசம்தான், ஜூன் ஆரம்பத்துல கூட செடி கருகும், செப்டம்பர்ல மறுபடி ஆரம்பிச்சிடும். கத்திரிக்காய், வெண்டைக்காய் கிரீன்ஹவுஸ் இல்லாம ஆகவே ஆகாது, வசந்த காலத்துக் காத்து அந்த பிளாஸ்டிக்கையும் கிழிச்சிடும், பாலிகார்பனேட் ஷீட்டா போடுங்க. உருளைக்கிழங்கு, பார்லி, கினோவா, பட்டாணி, கீரை நல்லா வரும். குளிர்காலத்துல மைனஸ் 20 ஃபாரன்ஹீட் வரும், பைப்பை ஆழமா புதைக்கணும்.

சேமிச்சு வைக்கறவங்க இதையும் கேட்டுக்கோங்க, இந்த உயரத்துல தண்ணி 92 டிகிரி செல்சியஸ்லயே கொதிச்சிடும், குக்கர் இல்லாம துவரம்பருப்பு வேகறதுக்குள்ள வெறகு தீந்திடும். காய்கறி கெடாம இருக்க பாட்டில்ல அடைக்கறப்ப, டயல் வெச்ச பிரஷர் கேனர்னா (அதுக்குன்னே இருக்கற பெரிய குக்கர்) கடல் மட்டத்துல 11 பவுண்டு அழுத்தம் வெக்கற இடத்துல இங்க 14 வெக்கணும், 8,000 அடியை தாண்டினா 15. இல்லன்னா உள்ள விஷக்கிருமி சாகாது.

ஆஸ்பத்திரி அலமோசாலதான், சான் லூயிஸ்லேருந்து 40 மைல். கிழக்க போகணும்னா யூஎஸ் 160ல லா விட்டா கணவாய் தாண்டணும், பனியில அடைபடும். 2018 ஸ்பிரிங் கிரீக் காட்டுத்தீ 1,08,000 ஏக்கருக்கு மேல எரிச்சப்பவும் அந்த ரோடு மூடிடுச்சு. மலையோரமா மரத்தோட இருக்கற பிளாட் அழகா இருக்கும், ஆனா போறதுக்கும் வரதுக்கும் ஒரே வழின்னா வேண்டாம்.

ஓசார்க்:
மிசௌரி பக்கம் வந்து பாருங்க ப்ரோ. தெற்கு மிசௌரில வருஷத்துக்கு 45 இன்ச் மழை, வெறகு, ஊத்து எல்லாம் இருக்கு. உண்ணி ஜாஸ்தி, டொர்னேடோ உண்டு, அடியில சுண்ணாம்புப் பாறை ஓட்டை ஓட்டையா இருக்கறதால மேல கொட்டற அழுக்கு சீக்கிரமே கிணத்துக்கு எறங்கிடும், தண்ணிய டெஸ்ட் பண்ணாம வாங்காதீங்க. ஆனா தண்ணி இருக்கு.

டென்வர்வாசி:
ரொம்ப நன்றி, வெளிய ஊத்தவே கூடாதுங்கறது சுத்தமா தெரியாது. அக்கா, ஆர்வி, அதான் வீடு மாதிரி தங்கற வண்டி, நிறுத்தி ரெண்டு வருஷம் அதுலயே இருந்து மெல்ல வீடு கட்டலாம்னு இருந்தோம். அங்கத்து ஜனங்க எப்படி?

அலமோசா அக்கா:
செப்டிக் டேங்க் இல்லாம ஆர்வில குடியிருக்கறதை கவுன்ட்டி சும்மா விடாது, 2015ல இதுக்கே பெரிய தகராறு நடந்துச்சு. முதல்ல நேர்ல போய் லேண்ட் யூஸ் ஆபீஸ்ல, நிலத்துல என்ன பண்ணலாம்னு அனுமதி குடுக்கற எடத்துல, கேளுங்க.

ஜனங்க விஷயம் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. சான் லூயிஸ் 1851ல குடியேறின ஊரு, கொலராடோலயே பழசு. அங்க 1852ல வெட்டின பீப்பிள்ஸ் டிச் வாய்க்கால் இன்னும் ஓடுது, அசேக்கியான்னு சொல்வாங்க, நம்மூர் குடிமராமத்து மாதிரி வசந்தத்துல எல்லாரும் மம்பட்டியோட எறங்கி தூர் வாருவாங்க, மயோர்டோமோன்னு ஒருத்தர் மொறை வெச்சு தண்ணி விடுவார். மேல இருக்கற மலையில மாடு மேய்க்க, வெறகு வெட்ட இருந்த உரிமைக்காக அந்த குடும்பங்க பல வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சு 2002ல கொலராடோ சுப்ரீம் கோர்ட்ல ஜெயிச்சாங்க. அந்த உரிமை அந்தப் பழைய நிலங்களோட ஒட்டினது, பாலைவனத்துல பிளாட் வாங்கறவங்களுக்கு வராது. அதனால வெறகு மலையிலேருந்து கெடைக்கும்னு கணக்கு போடாதீங்க.

என் யோசனை, அசேக்கியா தண்ணி பங்கோட சின்ன நிலம் வித்தா அதைப் பாருங்க, வெலை பல மடங்கு வரும், வரட்டும். 170 வருஷமா தண்ணியை பங்கு போட்டு பொழைக்கற ஜனம் பக்கத்துல இருக்கும். பத்திரத்துல தண்ணி பங்கு தனியா எழுதியிருக்கா, ரோடு பாத்தியதை இருக்கா, வரி பாக்கி இருக்கான்னு டைட்டில் கம்பெனி (வில்லங்கம் பாக்கற கம்பெனி) வெச்சு பாத்துட்டு கையெழுத்து போடுங்க. ஜனவரில ஒரு வாரம் தங்கிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, ஜூலைல வந்து பாத்தா எல்லாம் நல்லாத்தான் தெரியும்.