மறு: ஃபிலிபஸ்டருக்குத் தமிழ்ச் சொல்: ‘நெடும்பேச்சு’ போதுமா?

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில், ஒரு மசோதா மீதான விவாதத்தை முடியவிடாமல் செய்து வாக்கெடுப்பைத் தடுக்கும் உத்திதான் ஃபிலிபஸ்டர். அதற்குத் தமிழ்ச் சொல் என்ன என்ற நம் குழுவின் கேள்விக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: நெடும்பேச்சு, பேச்சுக்கொள்ளை, வாக்குத்தடை. மூன்றுமே யோசித்துச் சொன்னவைதான். ஆனால் செனட்டில் இன்று நடப்பதோடு வைத்துப் பார்த்தால் மூன்றும் இடிக்கின்றன.

> மணிக்கணக்கில் பேசி மசோதாவைத் தடுப்பதுதானே? நெடும்பேச்சு என்றால் படித்தவுடன் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். 2025 மார்ச் 31 மாலை எழுந்து நின்ற செனட்டர் கோரி புக்கர் மறுநாள் இரவுதான் உட்கார்ந்தார். 25 மணி 5 நிமிடம் பேசினார். 1957இல் சிவில் உரிமை மசோதாவை எதிர்த்து செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் பேசியதை அது மிஞ்சியது. ஆனால் புக்கர் பேசியது ஃபிலிபஸ்டர் ஆகாது. அவர் எந்த மசோதாவையும் தடுக்கவில்லை. டிரம்ப் நிர்வாகத்தின் போக்கைக் கண்டித்துப் பேசினார், அவ்வளவுதான். மறுபக்கம், இன்று செனட்டில் ஃபிலிபஸ்டரால் நின்றுபோகும் மசோதாக்களில் பெரும்பாலானவற்றுக்கு யாரும் நின்று பேசுவதே இல்லை. பேச்சு இருந்தும் ஃபிலிபஸ்டர் இல்லை, ஃபிலிபஸ்டர் இருந்தும் பேச்சு இல்லை என்றால், பேச்சை வைத்து எப்படிப் பெயர் சூட்டுவது?

இதன் முடிச்சு செனட்டின் விதியில் இருக்கிறது. கீழவையான, 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபையில் ஒரு மசோதாவை எவ்வளவு நேரம் விவாதிக்கலாம் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுவார்கள். பாதிக்கு மேல் ஆள் இருந்தால் காரியம் நடக்கும். 100 பேர் கொண்ட செனட்டில் அப்படி இல்லை. விவாதம் முடிந்தால்தான் வாக்கெடுப்பு. அதை வலுக்கட்டாயமாக முடிக்க 1917 வரை விதியே கிடையாது. அந்த ஆண்டு குளோச்சர் வந்தது: மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்தால் விவாதத்தை முடிக்கலாம். 1975இல் அதை ஐந்தில் மூன்றாக, அதாவது 60 வாக்காகக் குறைத்தார்கள். 16 செனட்டர்கள் கையெழுத்திட்டுத் தீர்மானம் கொடுக்க வேண்டும், இடையில் ஒரு நாள் போக வேண்டும், அப்புறம்தான் அதன் மீது வாக்கெடுப்பு. வென்றாலும் இன்னும் 30 மணி நேரம் வரை விவாதம் நீளலாம். இங்கே கவனிக்க வேண்டியது, 60 பேரைத் திரட்டும் சுமை முழுக்க மசோதாவை ஆதரிப்பவர்கள் தலையில்தான் இருக்கிறது. எதிர்ப்பவர்கள் அந்த வாக்கெடுப்புக்கு வராமலே இருந்தாலும் 60 சேரவில்லை என்றால் மசோதா நகராது. அவையில் ஒரு குரலும் கேட்காமல் இருக்கும். ஏட்டளவில் விவாதம் தொடர்ந்துகொண்டே இருக்கும்.

‘பேச்சுக்கொள்ளை’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூலச்சொல் கடற்கொள்ளையரைக் குறித்த ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது உண்மை. ஆனால் விதிக்குட்பட்ட ஒரு நடைமுறையைக் கலைச்சொல்லிலேயே குற்றமாக்க வேண்டாம்.

> வாக்குத்தடை: வாக்கெடுப்பைத் தடுப்பது. சுருக்கமாகவும் இருக்கிறது.

இதில்தான் எனக்கு உறுதியான மறுப்பு. வாக்குத்தடை என்றால் ஒருவரை வாக்களிக்க விடாமல் தடுப்பது என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். தென் மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வு வைத்தும் தலைவரி கேட்டும் கறுப்பின மக்களுக்குச் செய்தது அதுதான். அந்த அநீதியைக் களைய வந்த மசோதாக்களைத்தான் தென் மாநில செனட்டர்கள் பல பத்தாண்டுகள் ஃபிலிபஸ்டரால் முடக்கினார்கள். இரண்டும் ஒரே பத்தியில் வரும்போது வாசகர் திண்டாடிப்போவார்.

1964 ஜூன் 10ஐ நினைத்துப் பாருங்கள். சிவில் உரிமை மசோதா மீதான விவாதத்தை முடிக்க அன்று 67 வாக்கு தேவைப்பட்டது. மூளைக் கட்டியால் பேச்சிழந்திருந்த கலிபோர்னியா செனட்டர் கிளேர் எங்கிலைச் சக்கர நாற்காலியில் அவைக்குள் அழைத்து வந்தார்கள். பெயர் கூப்பிட்டதும் அவர் கையைத் தூக்கித் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். ‘ஆம்’ என்பதற்கு அங்கே சொல்லும் ‘ஐ’யும் கண்ணைக் குறிக்கும் சொல்லும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி. ஆதரவு 71, எதிர்ப்பு 29. அடுத்த மாதமே அவர் இறந்துவிட்டார். அவர் அன்று வாக்களித்தது மசோதாவுக்கு அல்ல, விவாதத்தை முடிப்பதற்கு. அந்த வேறுபாடு தமிழிலும் பளிச்சென்று தெரிய வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை: ஃபிலிபஸ்டர் – முடியா விவாதம், குளோச்சர் – விவாத முடிப்பு. இரண்டும் ஒரே வேரில் நிற்பதால் ஒன்றுக்கு ஒன்று எதிர் என்பது தானாகவே விளங்கும். செய்தியில் வைத்துப் பாருங்கள்: “விவாத முடிப்புக்கு 60 வாக்கு சேராததால் மசோதா முடியா விவாதத்தில் சிக்கியது.” படிக்கத் தடங்கல் இல்லை. நெடும்பேச்சையும் விட்டுவிட வேண்டாம். தர்மண்ட் செய்ததுபோல் நின்று பேசித் தடுப்பதை ‘நெடும்பேச்சு வழி முடியா விவாதம்’ எனலாம், புக்கருடையது வெறும் நெடும்பேச்சு.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. அதிபர் செய்யும் நியமனங்கள் மீதான விவாதத்தை முடிக்க 60 வேண்டாம், சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று 2013இலும், உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கும் அதுவே என்று 2017இலும் மாற்றியதை அங்கே ‘நியூக்ளியர் ஆப்ஷன்’ என்கிறார்கள். ‘அணுகுண்டு வழி’ என்று சிலர் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. ‘பெரும்பான்மை விதிமாற்றம்’ என்று வைக்கலாமா? சட்டத் தமிழ் தெரிந்தவர்கள் கருத்துச் சொல்லுங்கள்.