புதுப்பிப்பு: பீப் சைட்டில் பிள்ளைக்குக் குறிபார்க்கப் பழக்குவது

10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பிள்ளைகளுக்கு பீப் சைட் (பின்னால் உள்ள சிறு துளை வழியே முன் வளையத்தையும் இலக்கையும் பார்த்துக் குறிவைக்கும் அமைப்பு) பழக்குவது பற்றி முன்பு எழுதிய இழையில், “பெல்லட் (சிறு குண்டு) ஏன் ஒரே இடத்தில் படாமல் சிதறுகிறது?” என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

முதலில் குழல் முனையில் உள்ள முன் வளையத்தைப் பாருங்கள். இலக்கின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. வளையம் அதை ஒட்டி இறுக்கமாக இருந்தால், கறுப்பு நடுவில் நிற்கிறதா என்றே பிள்ளைக்குத் தெரியாது. சுற்றிலும் வெள்ளை தாராளமாகத் தெரிகிற பெரிய வளையத்தைப் போடுங்கள். பார்வை வளையத்திலேயே நிற்கட்டும். கறுப்பு சற்று மங்கினால் பரவாயில்லை.

கன்னம் ஒவ்வொரு முறையும் துப்பாக்கிக் கட்டையில் ஒரே இடத்தில் பதியணும். இடக்கண்ணை மூடச் சொல்லாதீர்கள். முகம் சுளித்து வலக்கண்ணும் களைத்துவிடும். வெள்ளை அட்டைத் துண்டால் மறைத்தால் போதும்.

எட்டு நொடிக்குள் சுடாவிட்டால் துப்பாக்கியை இறக்கட்டும். இவ்வளவும் முதலில் பெல்லட் இல்லாமல், தாங்கியில் வைத்து, பெரியவர் பக்கத்தில் இருந்தபடி.