லண்டன் கிறிஸ்துமஸ் ஜன்னல்கள்: கண்ணாடிப் பிரதிபலிப்புக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம். டிசம்பரில் லண்டன் போகிறேன். கடை ஜன்னல்களின் கிறிஸ்துமஸ் அலங்காரத்தைப் படமெடுக்க வேண்டும். பிக்காடில்லியில் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடையின் முகப்பையே அட்வென்ட் நாட்காட்டியாக (கிறிஸ்துமஸ் வரை நாள் எண்ணும் நாட்காட்டி) மாற்றிவிடுவார்கள். எதிர்ப்பக்கம் நின்றால் போதும்.

சிக்கல் ஆக்ஸ்போர்டு தெரு செல்ஃப்ரிட்ஜஸ் கடையில்தான். உள்ளே இருக்கும் பொம்மையைவிட எதிரே போகும் சிவப்புப் பேருந்துதான் கண்ணாடியில் பளிச்சென்று விழும்! பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரைப் போட்டால் ஒன்றரை ஸ்டாப் வெளிச்சமாவது (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) போய்விடும், இரவில் கட்டுப்படியாகாது. லென்ஸ் முன் மாட்டும் ரப்பர் ஹூடைக் கண்ணாடியோடு ஒட்டினால் பிரதிபலிப்பு போகும், ஆனால் முழுக் காட்சி கிடைக்காது.

கடை மூடிய பிறகும் ஜன்னல் விளக்கை எரியவிடுவது 1909-இல் அந்தக் கடையைத் திறந்த ஹாரி கார்டன் செல்ஃப்ரிட்ஜ் காலத்துப் பழக்கம். அதனால் இரவு தாமதமாகப் போகலாமா, அல்லது விடியற்காலையா? அகலமான காட்சியைப் பிடிக்க 24 எம்எம் லென்ஸ் போதுமா? அப்புறம், நடைபாதையில் முக்காலி வைக்க விடுவார்களா? அங்கே எடுத்தவர்கள் சொல்லுங்கள்.