விவாதம்: பதின்ம வயதினரின் அன்றாடச் சிக்கனத்தால் சுற்றுச்சூழலுக்குப் பயன் உண்டா?

தெளிநீர் எழுதியது:
பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கென்றே அறிவுரைப் பட்டியல்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன: துணிப்பை எடுத்துச் செல், விளக்கை அணை, சார்ஜரைக் கழற்றி வை. இவை குற்ற உணர்வைத்தான் வளர்க்கின்றன என்பது என் கருத்து. 2017-இல் வெளியான ‘கார்பன் மேஜர்ஸ்’ அறிக்கை, 1988 முதல் வெளியேறிய தொழில்துறைப் பசுங்குடில் வாயுக்களில் 71 விழுக்காட்டை 100 புதைபடிவ எரிபொருள் உற்பத்தியாளர்களுடன் தொடர்புபடுத்துகிறது. தனிமனிதர் தத்தம் ‘கார்பன் தடத்தை’, அதாவது தம் வாழ்க்கைமுறையால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களின் அளவை, அளந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தை 2000-களின் நடுவில் பெருமளவில் பரப்பியதே பி.பி. என்னும் எண்ணெய் நிறுவனத்தின் விளம்பரம்தான். இந்நிலையில், சொந்த வருமானம்கூட இல்லாத பிள்ளைகளின் தலையில் இச்சுமையை ஏற்றுவது என்ன நியாயம்?

கணக்கர் எழுதியது:
நண்பர் குறிப்பிடும் 71 விழுக்காட்டில், எரிபொருளைத் தோண்டி எடுத்துச் சுத்திகரிக்கும்போது வெளியாவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. எஞ்சியது, அந்த நிலக்கரியையும் எண்ணெயையும் எரிவாயுவையும் வாங்கியோர் எரித்ததால் வந்தது. வாங்கியோரில் மின்நிலையங்களும் ஆலைகளும் உண்டு, நம் வீடுகளும் உண்டு.

பட்டியல்கள் மீது எனக்கும் வருத்தம் உண்டு; ஆனால் காரணம் வேறு. அவை பெரியதையும் சிறியதையும் ஒரே வரிசையில் நிறுத்துகின்றன. குளிக்கும்போது 10 லிட்டர் தண்ணீரைக் கூடுதலாக 30 டிகிரி சூடாக்க ஏறத்தாழ 0.35 யூனிட் மின்சாரம் வேண்டும். அதே மின்சாரத்தைக் கொண்டு ஒரு கைப்பேசியை 15 முறைக்கு மேல் முழுமையாகச் சார்ஜ் செய்யலாம். சார்ஜரைக் கழற்றி வைத்துவிட்டு அரைமணி நேரம் வெந்நீரில் நிற்கும் பிள்ளைக்கு யாரும் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. அதேபோல், ஒரு கைப்பேசியால் வெளியாகும் கார்பனில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே வெளியேறிவிடுவதால், இருக்கும் கைப்பேசியை இன்னும் இரண்டு ஆண்டுகள் வைத்திருப்பதற்கு ஈடாகச் சார்ஜரை எத்தனை முறை கழற்றினாலும் போதாது.

கொடிவழி எழுதியது:
துணிப்பையைப் பற்றியும் ஒரு சொல். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாதலை மட்டும் கொண்டு அளந்தால், ஒரு பருத்திப் பையை 131 முறையாவது பயன்படுத்தினால்தான், ஒரே முறை பயன்படுத்தி எறியப்படும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிட அது மேலானதாகும். நிலத்திலும் கடலிலும் சேரும் குப்பையை அந்த அளவுகோல் கணக்கில் எடுக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் ஒவ்வொரு விழாவிலும் புதிதாக ஒரு துணிப்பையை வாங்கி வந்து அலமாரியில் அடுக்குவதைப் பசுமை வாழ்க்கை என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

தெளிநீர் எழுதியது:
கைப்பேசியை நீண்ட நாள் வைத்திருக்கச் சொல்கிறார் கணக்கர். பேட்டரியைப் பசையிட்டு ஒட்டிவிட்டு, மென்பொருள் புதுப்பிப்பையும் நிறுத்திவிட்டால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் சந்தைக்கு வரும் புதிய மாதிரிகளின் பேட்டரி, 800 முறை முழுமையாகச் சார்ஜ் செய்த பின்னும் 80 விழுக்காடு கொள்ளளவைத் தக்கவைத்திருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். எந்தப் பிள்ளையின் சிக்கனத்தாலும் கிடைத்திராத பலன் இது, சட்டம் கொடுத்தது.

கணக்கர் எழுதியது:
சட்டத்தைக் கேட்டு வாங்கியவர்களிலும் பிள்ளைகள் உண்டு, ஐயா. பாலித் தீவில் 2013-இல் மெலாட்டி, இசபெல் விய்சன் என்ற சகோதரிகள் பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராக இயக்கம் தொடங்கியபோது அக்காவுக்கு 12 வயது, தங்கைக்கு 10 வயது. 2019-இல் அத்தீவில் தடை நடைமுறைக்கு வந்தது.

தெளிநீர் எழுதியது:
அந்த எடுத்துக்காட்டு என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. அவர்கள் பை வாங்காமல் இருந்ததோடு நின்றிருந்தால் தடை வந்திருக்காது. கையெழுத்துத் திரட்டினார்கள், ஆளுநரைச் சந்திக்கும்வரை விடவில்லை. பிள்ளைகளிடம் ஓய்வு நேரம் ஒரு மணி இருந்தால், அதைப் பழைய பாட்டிலில் பூச்செடி வளர்ப்பதற்குச் செலவிடாமல் பள்ளி நிர்வாகத்துக்கு மனு எழுதச் செலவிடட்டும்.

கொடிவழி எழுதியது:
மனு எழுதட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மனுவுக்குக் காத்திராத ஒன்று தட்டிலேயே இருக்கிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-இல் உலகெங்கும் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலுமாக வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு வீடுகளிலிருந்து வந்தது. பசிக்கும் அளவுக்கு மட்டும் பரிமாறிக்கொள்ள எந்தச் சட்டத்தின் துணை வேண்டும் என்பதைத் தெளிநீர் அவர்கள் சொல்ல வேண்டும்.