ரோல்பிளேயிங் கேம் பதிப்பகங்களுக்கு ஓவிய மாதிரி அனுப்புவது எப்படி? (காரைக்குடியிலிருந்து)

மைக்கூடு:
வணக்கம். காரைக்குடியில் ஒரு அச்சகத்தில் டிசைனராக இருக்கிறேன். பகலில் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பிளெக்ஸ், அறுபதாம் கல்யாண மலர். ராத்திரியில் எனக்காக வரைகிறேன். பெரும்பாலும் மையும் தூரிகையும், கொஞ்சம் டேப்லெட். ஞாயிறு இரவுகளில் கல்லூரித் தோழிகளோடு ஆன்லைனில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவோம். ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ரோல்பிளேயிங் கேம் அது. குழுவில் உள்ள எல்லாருடைய பாத்திரங்களையும் நான்தான் வரைந்தேன். "இதையே வேலையா செய்யேன்டி" என்று ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

சில வெளிநாட்டுப் பதிப்பகங்களின் பக்கங்களைப் பார்த்தேன். ஒன்று லிங்க் மட்டும் கேட்கிறது, இன்னொன்று சின்ன ஜேபெக் நாலைந்து இணைக்கச் சொல்கிறது. என்னிடம் இருப்பவை: வாளோடு நிற்கும் வீராங்கனைகள், மந்திரவாதி முகங்கள், ஒரு டிராகன், அப்புறம் கானாடுகாத்தான் வீடுகளின் மை ஓவியங்கள் நிறைய. வீட்டுப் படங்களையும் அனுப்பலாமா? சுற்றுலா அட்டை என்று ஒதுக்கிவிடுவார்களா?

ரஸ்தா அண்ணன்:
நான் தேவகோட்டை ரஸ்தாக்காரன், இப்போது சென்னையில். இந்த வகைப் புத்தகங்களுக்கு உள்பக்கப் படம் வரைந்துதான் வாடகை கட்டுகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், தங்கச்சி.

வீராங்கனைகள் அழகாகத்தான் இருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் பதிப்பகத்தில் ஓவியர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆர்ட் டைரக்டரின் மெயிலில் குவிந்து கிடப்பதும் அதுதான். வெள்ளைப் பின்னணி, லேசாகத் திரும்பிய முகம், ஒரு கை முதுகுக்குப் பின்னால். கையை ஏன் ஒளித்தார்கள் என்று அவருக்குத் தெரியாதா? புத்தகத்தில் அட்டைப்படமும் முழுப்பக்கப் படமும் பழகிய ஓவியர்களுக்குப் போய்விடும். புது ஆளுக்கு வருவது கால் பக்கம், அரைப் பக்கம், இல்லையென்றால் ஓரத்தில் ஒரு ஸ்பாட், அதாவது ஒரு பொருளையோ ஆளையோ மட்டும் காட்டும் குட்டிப் படம். வேலைக்குறிப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்: "கால் பக்கம், கறுப்பு வெள்ளை. இடியும் பாலத்தில் மூன்று பேர். ஒருத்தி விழுகிறாள், குள்ளன் அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறான், மூன்றாமவன் பின்னால் வருவதைப் பார்க்கிறான். வெளிச்சம் கீழிருந்து." இதை இவள் வரைந்து தருவாளா என்று அவர் உன் மாதிரிகளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நிற்கும் பெண்ணைப் பார்த்து எப்படி முடிவு செய்வார்?

வீட்டுப் படங்களுக்கு வருகிறேன். அவற்றில் ஆள் இருக்கிறார்களா? இல்லையென்றால் அவை கட்டடப் படங்கள். ஆனால் உனக்குக் கிடைத்திருக்கும் இடம் சாதாரணமானது இல்லை. முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று கதவுக்குள் கதவாகப் பின்தெரு வரை தெரியுமே, அந்த நேர்கோட்டில் ஒரு துரத்தலை வை. முன்னால் ஓடுபவள் பெரிதாக, துரத்துகிறவன் மூன்றாவது நிலைவாசலுக்கு அப்பால் நகம் அளவில். முற்றத்தில் மேலிருந்து விழும் வெயில், தேக்குத் தூணின் நிழலில் ஒருவன், ஓட்டுச் சரிவிலிருந்து கயிறு இறக்கும் இன்னொருத்தி. இப்படி வைத்தால் ஒரே படத்தில் உருவம், வெளிச்சம், பெர்ஸ்பெக்டிவ், கதை எல்லாம் வந்துவிடும். ஆத்தங்குடிக் கல் தரையை மட்டும் டெக்ஸ்ச்சராக ஒட்டிவிடாதே, ஒவ்வொரு கட்டமாக வரை. ஒட்டினால் பார்த்ததுமே தெரியும்.

டிராகன் எல்லாரிடமும் இருக்கிறது. உன் ஊர் கண்மாய்க்கரை அய்யனார் கோயிலின் மண்குதிரை உயிர்பெற்று எழுந்தால் எப்படி இருக்கும்? அது உள்ளே கூடு. விலா ஓடு பெயர்ந்தால் வயிற்றுக்குள் இருட்டுதான் தெரியும். அதன் மேல் ஏற வருகிறவர்களையும் சேர்த்து வரை, உயரம் புரியும்.

ஸ்பாட் படங்களுக்கு முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போ. பெட்டகம், பூட்டு, பெரிய இரும்புச் சாவி, கொட்டான், தூக்குவிளக்கு. கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு அரைநாள் உட்கார்ந்து வரைந்தால் ஒரு உபகரணப் பக்கமே தேறும்.

மொத்தம் பத்துப் பன்னிரண்டு போதும். இருப்பதிலேயே சுமாரான படத்தை வைத்துத்தான் உன்னை எடைபோடுவார்கள், அதனால் சந்தேகம் வந்த படத்தை எடுத்துவிடு. எல்லாமே செட்டிநாடாகவும் இருக்க வேண்டாம். பனி, கம்பளி, இரும்புச் சங்கிலிச் சட்டை என்று இரண்டு மூன்று சேர். அவர்கள் புத்தகத்தில் அதுதான் அதிகம்.

பகடை இருபது:
அண்ணன் சொன்ன கடைசி விஷயம் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. நான் கோயம்புத்தூரிலிருந்து சின்ன சாகசப் புத்தகங்கள் எழுதி, இந்த விளையாட்டுப் புத்தகங்களை விற்கும் டிரைவ்த்ரூஆர்பிஜி தளத்தில் பிடிஎஃப் ஆக விற்கிறேன். படம் காசு கொடுத்து வாங்குகிறவன். பனியும் கம்பளியும் வரைய ஆளுக்குப் பஞ்சமே இல்லை. அந்த மண்குதிரையை முதல் படமாக வைத்து ஒருவர் அனுப்பினால் மற்றதைப் பார்க்காமலே பதில் போடுவேன்.

மை ஓவியம் உங்களுக்குப் பெரிய பலம். சின்ன பதிப்பகங்கள் அச்சுச் செலவுக்காகக் கறுப்பு வெள்ளையைத்தான் தேடும். மக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 2019 பிப்ரவரியில் ஜைன் குவெஸ்ட் என்ற சிறுபுத்தக நிகழ்வு தொடங்கியபோது ஒற்றை வண்ண அச்சு என்பதே நிபந்தனையாக இருந்தது. பெரிய பெயர்களை விட்டுவிட்டு இப்படிப்பட்ட சிறு புத்தகக்காரர்களுக்கு முதலில் எழுதுங்கள். பதிலும் சீக்கிரம் வரும்.

மெயில் சுருக்கமாக இருக்கட்டும். நான் இன்னார், கறுப்பு வெள்ளை மை ஓவியம், உங்கள் இன்ன புத்தகத்தைப் படித்தேன், இதோ லிங்க். அவ்வளவுதான். ஜிப் வேண்டாம், அனுமதி கேட்கும் டிரைவ் லிங்க் வேண்டவே வேண்டாம், அதோடு மூடிவிடுவேன். இணைக்கச் சொன்னால் கோப்பின் பெயரிலேயே உங்கள் பெயர் இருக்கட்டும். லிங்க் மட்டும் என்றால் லிங்க் மட்டும். சொன்னதைப் படித்துச் செய்கிற ஆளா என்று பார்க்கும் முதல் இடம் அதுதான்.

அச்சகத்தில் இருப்பதையும் ஒரு வரி சொல்லுங்கள். 300 டிபிஐ, சிஎம்ஒய்கே, பிளீட் என்று அச்சு விவரங்களெல்லாம் சொல்லித்தர வேண்டாத ஓவியர் கிடைப்பது எங்களுக்கு நிம்மதி. அமெரிக்கப் புத்தகங்கள் பல 8.5 × 11 அங்குலம். நம் ஏ4 அதைவிட ஒடுக்கம், உயரம். முழுப்பக்க மாதிரியை அந்த அளவிலேயே வரையுங்கள்.

ஸ்கெட்ச் நிலைகளை அழிக்காதீர்கள். பாத்ஃபைண்டர் என்ற ரோல்பிளேயிங் கேமை வெளியிடும் பைசோ நிறுவனம் 2023 மார்ச்சிலேயே ஏஐ படங்கள் வேண்டாம் என்று அறிவித்துவிட்டது. பென்சிலிலிருந்து மை வரை ஒரு படத்தையாவது படிப்படியாகக் காட்டினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
படம் பற்றி எனக்குத் தெரியாது, பணம் பற்றிச் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் பணம் படம் கொடுத்ததும் வருமா, புத்தகம் வெளிவந்த பிறகா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் புத்தகம் தள்ளிப்போகும்போது உங்கள் பணமும் தள்ளிப்போகும். உரிமை முழுவதையும் அவர்களே எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தங்கள்தான் அதிகம். அப்படியானால் படத்தை உங்கள் போர்ட்ஃபோலியோவில் காட்டும் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பாதியில் நிறுத்தினால் எவ்வளவு தருவார்கள் என்பதும் இருக்க வேண்டும். அமெரிக்க நிறுவனம் டபிள்யூ-8பிஇஎன் படிவம் கேட்டால் பயப்பட வேண்டாம், நீங்கள் அந்த நாட்டவர் இல்லை என்று உறுதி சொல்வதற்கானது. இணையத்தில் பணம் அனுப்பும் பேபால் 2021 ஏப்ரலில் இந்தியாவின் உள்நாட்டுச் சேவையைத்தான் நிறுத்தியது, வெளிநாட்டுப் பணம் வாங்கலாம். அதன் கட்டணத்தையும் டாலர் மாற்று விகிதத்தையும் கணக்கிட்ட பிறகு விலை சொல்லுங்கள்.

மைக்கூடு:
எல்லாருக்கும் நன்றி. குதிரைக்கு இப்போதே பென்சில் போட்டுவிட்டேன், பகடை அண்ணா, முடிந்ததும் உங்களுக்குத்தான் முதலில். ரஸ்தா அண்ணே, ஒரு கேள்வி. அச்சகத்துக்காக வரைந்த மாப்பிள்ளை பெண் கார்ட்டூன்கள் நிறைய இருக்கின்றன. காசு வாங்கிச் செய்த வேலை என்பதால் அதிலும் ஒன்றிரண்டு சேர்க்கவா?

ரஸ்தா அண்ணன்:
வேண்டாம். பாணி வேறு, குழம்பிப் போவார்கள். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் மாதிரிக் கூட்டமாக ஏதாவது வரைந்திருந்தால் மட்டும் இங்கே போடு, பார்க்கலாம். இருபது பேரை ஒரே படத்தில் ஒருவர்மேல் ஒருவர் ஏறாமல் நிறுத்தத் தெரிந்தவர்கள் குறைவு.