ஐஸ்லாந்து லெய்காவேகுர் நடைபாதை: ஜூன் கடைசியில் போகலாமா? கட்லா பயம் வேறு

நடைவண்டி கேட்டது:
நானும் மனைவியும் ஜூன் 24 வாக்கில் லாண்ட்மன்னலாகரில் தொடங்கி தோர்ஸ்மோர்க் வரை நான்கு நாள் நடப்பதாக இருக்கிறோம், 55 கிலோமீட்டர் சொச்சம். கால் தாங்கினால் ஐந்தாம் நாள் ஃபிம்வோர்துஹால்ஸ் கணவாயைத் தாண்டி ஸ்கோகர் அருவி வரை போய்விட ஆசை, அது இன்னொரு 25 கிலோமீட்டர். குடில்களில் இடம் கிடைக்கவில்லை, கூடாரம்தான். கட்லா எரிமலை பற்றி யூடியூபில் எதையோ பார்த்துவிட்டு அம்மா தினமும் போன் செய்கிறார். 1918க்குப் பிறகு பெரிதாக வெடிக்கவில்லை, அதனால் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும் என்கிறார்கள். நாங்கள் நடக்கும்போது வெடித்தால் எங்கே ஓடுவது? வேறு எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?

கம்பளிப்பூச்சி:
இரண்டு தடவை போயிருக்கிறேன். நீங்கள் பயப்பட வேண்டியது கட்லாவுக்கு அல்ல, முதல் நாளுக்கு. முதல் நாள் 12 கிலோமீட்டர்தான், ஆனால் ஏறிக்கொண்டே போய் ஹ்ராஃப்ன்டின்னுஸ்கெர் குடில் பக்கம் ஆயிரம் மீட்டர் உயரத்தைத் தொடுவீர்கள், ஜூன் கடைசியிலும் அங்கே பனி கிடக்கும். மூடுபனி இறங்கினால் அடுத்த அடையாளக் குச்சி எங்கே என்றே தெரியாது. குடிலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கற்குவியல் இருக்கும், நின்று பாருங்கள். 2004 ஜூன் கடைசியில், நீங்கள் போகிற அதே வாரத்தில், பனிப்புயலில் சிக்கி இறந்த 25 வயதுப் பையனின் நினைவுக்கல் அது. குடில் பக்கத்தில்தான் இருந்தது, அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

அங்கே கூடாரம் போடுகிற இடத்தில் ஆளுயரத்தில் பாதிக்குக் கல்லை வட்டமாக அடுக்கி வைத்திருப்பார்கள், காற்றை மறைக்க. தரை முழுக்கக் கறுப்புக் கண்ணாடிச் சில்லு மாதிரி எரிமலைக் கல், முளை இறங்காது, கயிற்றின் மேல் கல்லைத் தூக்கி வைக்க வேண்டும். என் கூடாரக் கம்பி ராத்திரி இரண்டு மணிக்கு முறிந்தது. அந்த மாதத்தில் இருட்டாது என்பதால் முறிந்ததை நன்றாகவே பார்க்க முடிந்தது, அது ஒன்றுதான் லாபம். ஜீன்ஸ், பருத்தி பனியன் எதுவும் வேண்டாம். கம்பளி, மழைக்கோட்டு, மழைக் கால்சட்டை. அடுப்புக்கான கேஸ் குப்பியை விமானத்தில் விடமாட்டார்கள், ரெய்க்யவிக்கில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆற்றுமணல்:
கம்பளிப்பூச்சி சொன்னது சரி, ஆனால் ஆற்றை விட்டுவிட்டார். ஆல்ஃப்டவாட்ன் ஏரிக்கு அப்புறம் பாலமில்லாத ஆறுகள் வரும், அதில் ப்ளாஃப்யட்லக்விஸ்ல் கொஞ்சம் முரடு. கடைசி நாள் தோர்ஸ்மோர்க் காட்டுக்குள் நுழையும் முன் த்ரோங்கா ஆறு. பனியாற்றிலிருந்து வரும் தண்ணீர் காலையில் குறைவாக இருக்கும், வெயில் ஏற ஏற, மழை பெய்தால் இன்னும், பெருகும். சாம்பலைக் கரைத்த மாதிரி கலங்கி ஓடுவதால் அடி தெரியாது. குறுகலான இடம் சுலபம் போலத் தோன்றும், ஆழமும் இழுப்பும் அங்கேதான். ஆறு அகலமாகப் பரந்து கிளை பிரிகிற இடத்தைத் தேடுங்கள். ஜீப் இறங்கிய தடத்திலேயே நாமும் இறங்கவேண்டும் என்று இல்லை. வெறுங்காலோடு வேண்டாம், பட்டை வைத்த செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிட்டு இறங்குங்கள், விழுந்தால் பையை உதறத் தெரிய வேண்டும். இரண்டு பேரும் கை கோத்து, நீர் இழுக்கிற பக்கமாகச் சாய்வாக நடங்கள். தொடைக்கு மேல் வந்தால் திரும்புங்கள், நாளைக் காலை வரை அது எங்கேயும் போய்விடாது.

பழம்பாறை:
தம்பி, அம்மா கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். கட்லா மிர்டால்ஸ்யோகுல் பனிப்பாளத்துக்கு அடியில் இருக்கிறது. அதனால் லாவாவைவிடத் திடீர் வெள்ளம்தான் பிரச்சினை. 2011இல் அப்படி வந்த வெள்ளத்தில், நாட்டைச் சுற்றி வரும் ரிங் ரோட்டில் ஒரு பாலமே அடித்துக்கொண்டு போனது, 2024 ஜூலையில் ஸ்கால்ம் ஆற்று வெள்ளத்தால் சாலையை மூடினார்கள். அதனால் வெடித்தால் ஓட வேண்டியது ஆற்றுப் பள்ளத்தை விட்டு மேட்டுக்கு, அவ்வளவுதான். அந்தப் பகுதியில் இருக்கிற செல்போன்களுக்கு எச்சரிக்கைக் குறுஞ்செய்தி வரும், எல்லா இடத்திலும் சிக்னல் இருக்காது என்பதால் தினமும் குடில் காவலரிடம் பேசிவிட்டுக் கிளம்புங்கள். பனியாற்றுத் தண்ணீர் பக்கம் திடீரென்று அழுகிய முட்டை நாற்றம் தூக்கலாக வந்தால் பள்ளத்தில் நிற்காதீர்கள். லாண்ட்மன்னலாகரில் அதே நாற்றம் எப்போதும் இருக்கும், அங்கே பயப்பட வேண்டாம், வெந்நீர் ஊற்று.

வெந்நீர் ஊற்று ஓரத்துப் பனி அடியில் உருகிப் பொத்தலாக இருக்கும், மிதிக்காதீர்கள். வழிகாட்டி இல்லாமல் பனிக்குகைக்குள் தலையை நீட்டாதீர்கள். 2024 ஆகஸ்டில் ப்ரெய்தாமெர்குர்யோகுல் பனியாற்றில் வழிகாட்டியோடு போனவர்கள் மேலேயே பனி சரிந்து ஒருவர் இறந்தார். சேஃப்டிராவல் இணையதளத்தில் பயணத் திட்டத்தைப் பதிந்துவிட்டு, 112 என்ற அவசர உதவிச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். தேடி வருகிறவர்கள் தன்னார்வலர்கள், அவரவர் வேலையை விட்டுவிட்டு வருவார்கள்.

கம்பளிப்பூச்சி:
ஃபிம்வோர்துஹால்ஸை விட்டுவிடுங்கள் என்பேன். கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஐந்தாம் நாள் மறுபடி ஆயிரம் மீட்டர் ஏற்றம்.

ஆற்றுமணல்:
நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். 2010 மார்ச்சில் முளைத்த மாக்னி, மோதி என்ற இரண்டு எரிமலைக் கூம்புகளை ஒட்டியே பாதை போகிறது, அதைப் பார்க்காமல் எப்படி? ஹெல்யார்காம்புர் என்ற ஒற்றை விளிம்பில் சங்கிலி கட்டியிருப்பார்கள், காற்றடித்தால் அங்கே போகக்கூடாது. முடிவை இப்போது எடுக்காதீர்கள். தோர்ஸ்மோர்க்கில் வானிலை பார்த்துவிட்டு, மோசம் என்றால் பஸ் ஏறிவிடுங்கள்.

நடைவண்டி:
எல்லோருக்கும் நன்றி. ஒரு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்கிறோம், ஐந்தாம் நாள் பற்றித் தோர்ஸ்மோர்க்கில் பேசிக்கொள்ளலாம். உதிரிக் கம்பி வாங்கியாச்சு. கட்லா பற்றி அம்மாவிடம் பழம்பாறை ஐயா சொன்னதை அப்படியே படித்துக் காட்டினேன், கொஞ்சம் அடங்கினார். ஆறு பற்றி அவருக்கு இன்னும் தெரியாது.